ஒரு கைப்பேசி, நான்கு விரல், ஒரு நிலா

மேற்கு மலைக்குப் பின்னே சூரியன் இறங்கி, மண்டபத்து விளக்குகள் மெல்ல ஏறி, வெளியே நின்றவர்களும் உள்ளே வந்து அமர்ந்து, இருக்கை கிடைக்காதவர்கள் சுவரோடு சாய்ந்து நிற்கிற இந்த நிறைந்த மாலைப் பொழுதில், அவைக்குத் தலைமை தாங்கி, அமைதிக்கும் தலைமை தாங்கி வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய பெரியவர் சீனிச்சாமி ஐயா அவர்களே! கோவையிலிருந்து வந்திருக்கும் அறக்கட்டளையின் அலுவலர், சிரிப்பதற்கு முன் சிந்திப்பவர், சிந்தித்த பிறகும் சில சமயம் சிரிக்காதவர், மாண்பமை ஐயாதுரை அவர்களே! என்னோடு ஒரே பள்ளியில், ஒரே ஓய்வறையில், ஒரே மின்விசிறிக்காகப் போராடி வரும் என் அருமைத் தோழி, அறிவியல் ஆசிரியை இவாஞ்சலின் அவர்களே! இந்த விழாவின் நாயகி, ராஜபாளையம் பெற்றெடுத்த ரத்தினம், ‘விண்ணோடி’ என்னும் செயலியைச் செய்து முடித்த செல்வி சப்ரீன் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்துகொண்டு, மகளைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கீர் முகமது பாய் அவர்களே!

மம்சாபுரத்திலிருந்தும் சுந்தரபாண்டியத்திலிருந்தும் வேன் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே! மில்லில் ஷிப்ட் முடிந்து, சேலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிடக்கூட நேரமின்றி நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! உங்களுக்குத்தான் இந்தத் தங்கபாயின் முதல் வணக்கம். மேடையில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கு இரண்டாவது வணக்கம்.

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, தமிழாசிரியை கையில் ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பதில் பயன் உண்டா? பத்து நிமிடம் என்று சொன்னீர்கள். வணக்கம் சொல்லவே அதில் பாதி போய்விட்டது. மீதியை நீங்கள்தான் பெரிய மனது பண்ணி நீட்டித்துத் தர வேண்டும்.

அன்பு நிறைந்த அவையோரே! நிலவைக் காட்டிச் சோறூட்டிய நாடு இது. நிலவுக்குக் கலம் அனுப்பிய நாடும் இதுதான். ஆனால் எங்கள் நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் படிக்கிற பிள்ளைகளுக்கு நிலவு எங்கே இருந்தது? வானத்திலா இருந்தது? இல்லை. பாடப்புத்தகத்தின் பின்பக்க வினாவில் இருந்தது. ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ என்பதற்குள் இருந்தது. நிரப்பினார்கள், மதிப்பெண் வாங்கினார்கள், மறந்தார்கள். இதைப் பொறுக்க மாட்டாமல் பொங்கி எழுந்தவர்தான் இவாஞ்சலின். ஓய்வறையில் என்னிடம் வந்து, “அக்கா, இந்தப் பிள்ளைக வானத்துக்குப் போக வேண்டாமா?” என்று கேட்டார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். போகட்டும், ஆனால் நாளைக்குத் தேர்வு இருக்கிறது என்று சொன்னேன்.

அவர் என்னை நம்பவில்லை. நல்லவேளை, நம்பவில்லை. அவர் தேடிப் போனது சப்ரீனை. சென்னையில் பெரிய நிறுவனம் ஒன்றில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த பெண். அந்த வேலையை விட்டு வீட்டுக்கு வந்திருந்த நேரம். ஏன் விட்டாய் என்று ஊரே கேட்டது. யாரோ எங்கேயோ கடனட்டைக்கு வட்டி கணக்கிடுவதற்காக என் மூளையை எத்தனை நாள் எரிப்பது என்று அந்தப் பெண் கேட்டாள். ஊருக்குப் பதில் தெரியவில்லை. இவாஞ்சலினுக்குத் தெரிந்தது. விண்வெளியைப் பற்றி நடுநிலைப் பிள்ளைகளுக்கு ஒரு செயலி செய்வோமா என்றார். அன்று இருவரும் கைகோத்தார்கள்.

பக்கீர் பாய் என்ன சொன்னார் தெரியுமா? அவர் கடை வைத்திருப்பவர், கறாரான மனிதர். பெங்களூரிலிருந்து இன்னொரு நிறுவனம் மகளை அழைத்திருந்தது. மார்ச் மாதம் வரை பார், அதற்குள் இது உருப்பட்டால் சரி, இல்லையென்றால் பெங்களூருக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு நின்றாரா? கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் மகள் பெங்களூர் போகிறாள் என்று அறிவித்தும் விட்டார். பாய், தலையைக் குனியாதீர்கள். எந்தத் தகப்பனும் செய்கிற காரியம்தான் அது.

அப்போதுதான் ஐயாதுரை அவர்கள் வருகிறார். அறக்கட்டளையின் சார்பில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மார்ச் மாதம் நான் வருவேன். பிள்ளைகளிடம் செயலியைக் கொடுப்பேன். யாரும் தூண்டக் கூடாது, யாரும் மிரட்டக் கூடாது. தாங்களாகவே விளையாடி நிலவு வரைக்கும் போனார்கள் என்றால், மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அத்தனைக்கும் இதைக் கொண்டுபோவோம். பாதியில் எழுந்து போனார்கள் என்றால், நன்றி, வணக்கம். இப்படி ஒரு நிபந்தனை. சப்ரீன் இங்கே இருப்பதா, பெங்களூர் போவதா என்பதை எங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் விரல் நுனியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

முதல் வடிவம் ஜூன் மாதம் வந்தது. அடடா, எத்தனை அழகு! சனிக்கோளின் வளையம் சுழன்றது, வால்மீன் வளைந்தது, வண்ணம் வழிந்தது. ஒரு பெண் குரல் பனிக்கட்டியில் வழுக்குகிற தமிழில் விளக்கம் சொன்னது. ஒவ்வொரு கோள் முடிந்ததும் ஐந்து வினா. சரி என்றால் பச்சை, தவறு என்றால் சிவப்பு. நான் கண்கலங்கிப் போனேன். பிள்ளைகளிடம் கொடுத்தோம். எல்லோரும் நன்றாக இருக்கிறது டீச்சர் என்றார்கள். செத்த நேரம் கழித்துப் பார்த்தால் எல்லோரும் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னல் வழியே வெளியே கட்டிக் கிடந்த ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யார் அங்கே சிரிக்கிறது? சிரியுங்கள். சப்ரீன் அன்று சிரிக்கவில்லை.

ஏழாம் வகுப்பில் செலினா என்று ஒரு பிள்ளை. மில்லில் வேலை பார்க்கும் ஏசம்மாளின் மகள். ஏசம்மாள் இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அந்தப் பிள்ளைக்கு மனதில் ஒன்று, வாயில் ஒன்று கிடையாது. இவாஞ்சலின் அவளைத் தனியே அழைத்து, உண்மையைச் சொல் என்று கேட்டார். அவள் சொன்னாள்:

“டீச்சர், இது பாடந்தான். வேஷம் போட்டுட்டு வந்திருக்கு.”

அவையோரே! கல்வியாளர்கள் கட்டுக்கட்டாக எழுதித் தள்ளியதை ஒரு பிள்ளை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். சப்ரீன் அன்று இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை என்று அவள் அத்தா பக்கீர் பாயே எனக்குச் சொன்னார். வேறொருத்தியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள்? பிள்ளைகளுக்கு ரசனை இல்லை என்றிருப்பாள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் புரியாது என்றிருப்பாள். நான் இந்தப் பெண்ணை வியப்பது இந்த இடத்தில்தான். அவள் மறுநாள் மாலை நேரே மம்சாபுரத்துக்கு வண்டி ஏறினாள். செலினாவின் தெருவில் போய், ஓரமாகக் கிடந்த ஒரு சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்து, வேடிக்கை பார்த்தாள்.

என்ன பார்த்தாள்? என் தாய்மார்களே, அவள் பார்த்தது உங்களைத்தான். அந்த வீடுகளில் கைப்பேசி எத்தனை? ஒன்று. அது யாரிடம் இருக்கும்? அம்மாவிடம். அம்மா எங்கே இருப்பார்? மில்லில். அம்மா வந்தால்தான் கைப்பேசி வரும். ஏசம்மாள் தெருமுனையில் திரும்பியதும் செலினா ஓடினாள். பின்னாலேயே அவள் வகுப்பில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெனின் ஓடினான், அவன் தங்கை ஓடினாள், எதிர்வீட்டுப் பிள்ளை ஓடியது. ஒரு கைப்பேசி, நான்கு தலை, ஏதோ ஒரு கார் ஓட்டும் விளையாட்டு. கையில் வைத்திருப்பவர் ஒருவர். கத்துகிறவர்கள் மூன்று பேர். “ஏலே, இடப்பக்கம்லே! ஏட்டி, அவனுக்கு வழிய சொல்லுட்டி!” என்று ஒரே சத்தம். சப்ரீன் கவனித்தாள். கைப்பேசியைத் தொடாத பிள்ளைகள்தான் அதிகமாக யோசித்தார்கள். அவள் செய்த செயலியோ ஒரு பிள்ளைக்கு ஒரு கைப்பேசி, காதில் ஒரு கருவி, தனியே ஓர் அறை என்று எண்ணிச் செய்தது. எங்கள் ஊரில் எந்தப் பிள்ளைக்குத் தனி அறை இருக்கிறது? எங்கள் ஊரில் எந்தப் பிள்ளை தனியாக விளையாடுகிறது?

அங்கேயே முடிவு செய்தாள். செய்ததை அத்தனையும் அழித்தாள். ஆம், அழித்தாள்! சனி வளையம் போயிற்று, வழுக்குத் தமிழ் போயிற்று, வினாவும் விடையும் போயிற்று. புதிய கலம் பிறந்தது. ஒரே திரை, நான்கு மூலை, நான்கு விரல். ஒரு மூலையில் கலத்தைத் திருப்புகிறவர். ஒரு மூலையில் எஞ்சினை இயக்குகிறவர். ஒரு மூலையில் காற்றைக் காக்கிறவர். ஒரு மூலையில் வழியைப் பார்க்கிறவர். வழி தெரிந்தவருக்கு எஞ்சின் கிடையாது. எஞ்சின் வைத்திருப்பவருக்கு வழி தெரியாது. ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஒரு விரற்கடை தூரம்கூட நகர முடியாது. நம் சட்டமன்றத்தில் இதை ஒருநாள் விளையாடிப் பார்க்கலாம். சரி சரி, தலைவர் ஐயா முறைக்கிறார், அரசியலை விட்டுவிடுகிறேன்.

இதற்குத் தமிழ் எழுதிக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. சும்மா விடுவேனா? உயிர்வளி என்றேன், உந்துவிசை என்றேன், ஈர்ப்புப் புலம் என்றேன். சப்ரீன் எல்லாவற்றையும் மரியாதையோடு வாங்கிக்கொண்டு, பிள்ளைகளிடம் கொண்டுபோய்க் காட்டினாள். பிள்ளைகள் “காத்து கொறையுதுலே” என்றார்கள். ‘காற்று குறைகிறது’ என்றே போட்டுவிட்டாள். நான் அவளோடு ஒரு வாரம் பேசவில்லை. பிறகு ஒருநாள், உள்ளே ஆழமாகப் போகிற பிள்ளைக்கு ‘உயிர்வளி’ என்ற சொல்லும் தானாகத் தென்படும்படி வைத்திருப்பதைக் காட்டினாள். பேச்சைத் தொடர்ந்தேன். ‘விண்ணோடி’ என்ற பெயர் மட்டும் நான் வைத்தது. அதை எவரும் மாற்றவில்லை என்பதை இந்தப் பேரவையில் பணிவன்புடன் பதிவு செய்கிறேன்.

இனித்தான் செய்தி இருக்கிறது. கைதட்டலைச் சேமித்து வையுங்கள்.

ஆடிப்பூரம் முடிந்த வாரம். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரைப் பார்க்காத பிள்ளை இந்தச் சுற்றுவட்டாரத்தில் உண்டா? எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீடாக இருந்தாலும், தேரைப் பார்க்கப் போகாத பிள்ளை உண்டா? மலை அசைகிறது போல அந்தத் தேர் அசையும். வடத்தைப் பிடித்து இழுப்பவர்கள் ஆயிரம் பேர். ஆனால் அதை நிறுத்துவது யார்? சக்கரத்தோடு சக்கரமாக ஓடி, கட்டை போடுகிறவர்கள். சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் செருகினால் தேர் நிற்கும். சாய்த்துச் செருகினால் தேர் திரும்பும். இதைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் விண்ணோடியைக் கொடுத்தார்கள். கலம் கிளம்பியது, பறந்தது, நிலவு பக்கத்தில் வந்தது. பெனின் எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டான்:

“அக்கா, நிப்பாட்டக் கட்டை எங்க இருக்கு?”

உலகத்தில் வேறு எந்த ஊர்ப் பிள்ளை இந்தக் கேள்வியைக் கேட்கும்? வேறு எந்த ஊரிலாவது விண்கலத்துக்குக் கட்டை தேடுவார்களா? கலம் நிற்கவில்லை. நிலவைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. கட்டை போடவில்லை, அதனால்தான் போகிறது என்று நான்கு பேரும் ஒரே முடிவாகச் சாதித்தார்கள். இவாஞ்சலின் கரும்பலகைக்குப் போகக் காலை எடுத்து வைத்தார். சப்ரீன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். டீச்சர், தவறு என்று சிவப்பில் போட்டால் நாம் பழைய செயலிக்கே போய்விடுவோம் என்றாள். வீட்டுக்குப் போனாள். மறுவாரம் கலத்துக்குள் ஒரு குவியல் தேர்க்கட்டையை ஏற்றி வைத்துக்கொண்டு வந்தாள்!

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பெனின் ஒரு கட்டையை எடுத்துக் கலத்துக்கு வெளியே வைத்தான். கட்டை என்ன செய்தது? கலத்தின் பக்கத்திலேயே, கலத்தின் வேகத்திலேயே, கூடவே மிதந்து வந்தது. சிரித்தார்கள், சிரித்தார்கள், வகுப்பே உருண்டு சிரித்தது. சிரித்து முடித்த பிறகு கேள்வி வந்தது. தரை இல்லாத இடத்தில் கட்டை எதில் ஊன்றும்? உராய எதுவும் இல்லாத இடத்தில் ஓடுவது எப்படி நிற்கும்? இவாஞ்சலின் ஒரு சொல் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அந்தக் கேள்விக்குள் இறங்கினார்கள்.

மார்ச் மாதம் வந்தது. ஐயாதுரை அவர்களும் வந்தார். வரும்போது ஒரு பிள்ளைக்கு ஒன்று என்று டேப்லெட் என்கிற பலகைக் கணினிகளைப் பெட்டி பெட்டியாகக் கொண்டு வந்தார். ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு தூரம் போகிறது என்று தனித்தனியே கணக்கெடுக்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. எங்கள் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? வாங்கினார்கள். வாங்கிய வேகத்தில் நான்கில் மூன்றைச் சுவரோரம் அடுக்கி வைத்துவிட்டு, ஒன்றைச் சுற்றி நான்கு பேராக உட்கார்ந்து கத்த ஆரம்பித்தார்கள். ஐயாதுரை அவர்களின் முகம் சுருங்கியது. இத்தனை கருவி ஏன் தரையில் கிடக்கிறது, பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்டார். இவாஞ்சலின் விளக்கம் சொல்ல முடியுமா? தூண்டக் கூடாது என்பதுதானே நிபந்தனை? வாயைத் திறக்க முடியாது. சப்ரீன் கதவோரம் நின்றாள். அவள் கைப்பேசியில் பெங்களூருக்குப் பயணச்சீட்டு பதிவாகியிருந்தது. அத்தா எடுத்துக் கொடுத்தது.

செலினாவின் குழுவில் அன்று எஞ்சின் பெனினிடம். ஆர்வக் கோளாறு! எடுத்த எடுப்பில் எரிபொருளை வாரி இறைத்துவிட்டான். நிலவை நெருங்கும்போது எதிர்ப்பக்கம் எஞ்சினைப் போட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும், ஆனால் ஒரு சொட்டு இல்லை. கலம் பாய்கிறது. நிலவு பெரிதாகிறது. காற்றும் குறைகிறது. மற்ற குழுக்கள் தங்கள் விளையாட்டை விட்டுவிட்டு இவர்களைச் சுற்றி வந்து நின்றுவிட்டன. ஐயாதுரை அவர்கள் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். பேனா மூடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

காற்று மூலையில் இருந்தவள் செலினா. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

“கட்டைய முன்னால தூக்கி எறிலே. சும்மா வைக்காத. ஓங்கி எறி.”

கட்டை நிறுத்தாது என்பதுதான் நமக்குத் தெரியுமே என்றான் பெனின். எறியச் சொன்னால் எறி என்றாள். எறிந்தான். கலம் இம்மியளவு மெதுவானது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள்! இரண்டாவது கட்டை, மூன்றாவது கட்டை, குவியல் முழுவதும் முன்னால் பறந்தது. கட்டை தீர்ந்ததும் கருவிப் பெட்டி பறந்தது, உதிரி நாற்காலி பறந்தது. சாப்பாட்டுப் பெட்டியில் பெனின் கை வைத்தபோது மட்டும் பெரிய சண்டை வந்தது. அதுவும் பறந்தது! கலம் மெதுவாகி, மெதுவாகி, நிலவின் பிடிக்குள் விழுந்து, நிலவைச் சுற்ற ஆரம்பித்தது.

சப்ரீன் இதை எழுதவில்லை, அவையோரே! கட்டையை வெறும் படமாகப் போடாமல், உண்மையான எடையோடு, உண்மையான விதியோடு போட்டிருந்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது. ஒன்றை முன்னால் தள்ளினால் அது நம்மைப் பின்னால் தள்ளும் என்ற விதி அதற்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பியது எங்கள் பிள்ளை. ராக்கெட் எதனால் பறக்கிறதோ அதே விதியை ஒரு மில் தொழிலாளியின் மகள் தானே கண்டெடுத்தாள். இதற்கு மேல் என்ன வேண்டும்? இதைவிட ஒரு செயலி என்ன செய்ய வேண்டும்?

ஐயாதுரை அவர்கள் கீழே குனிந்து, இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று செலினாவிடம் கேட்டார்.

“யாரும் சொல்லித் தரல சார். படகுல நின்னு குதிச்சா படகு பின்னால போகும்லா? கம்மாயில பாத்திருக்கேன்.” பிறகு அவரையே ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இவன் எரிபொருள வீணடிக்கான் சார். நீங்க எஞ்சினுக்கு வாரியளா?” என்று கேட்டாள்.

கோவை அலுவலர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எஞ்சினைப் பிடித்தார். மாண்பமை விருந்தினரே, உண்மையைச் சொல்ல அனுமதி தருவீர்களா? தலையாட்டிவிட்டார். கலத்தை நேரே கொண்டுபோய் நிலவில் மோதினார்! பிள்ளைகள் அவரைத் திட்டிய திட்டை நான் மேடையில் சொல்ல முடியாது. இன்னொரு முறை, இன்னொரு முறை என்று மணி அடித்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் தாங்களாகவே உட்கார்ந்து நிலவு வரை போகிறார்களா என்று பார்க்க வந்தவர், தானே போய்ச் சேரும் வரை விடவில்லை. அன்றைக்கே கையெழுத்தானது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அத்தனையிலும் விண்ணோடி புறப்படும். கோவையிலிருந்து இனி ஒரு பிள்ளைக்கு ஒரு கருவி வராது, நான்கு பிள்ளைக்கு ஒன்றுதான் வரும்.

இப்போது தட்டுங்கள்! சேர்த்து வைத்ததையெல்லாம் தட்டுங்கள்!

நான் சப்ரீனை ஏன் போற்றுகிறேன்? அழகாகச் செய்தாள் என்பதற்காகவா? அழகானதை அழித்தாளே, அதற்காகப் போற்றுகிறேன். பிள்ளை செய்த பிழையைத் திருத்தாமல், அந்தப் பிழையையே கலத்தில் ஏற்றி வானத்துக்கு அனுப்பினாளே, அதற்காகப் போற்றுகிறேன். இவாஞ்சலினை ஏன் போற்றுகிறேன்? தெரிந்த விடையை நாவின் நுனியில் வைத்துக்கொண்டு, சொல்லாமல் நின்றாரே, அதற்காகப் போற்றுகிறேன். ஓர் ஆசிரியைக்கு அது எவ்வளவு கடினம் என்பது இன்னோர் ஆசிரியைக்குத்தான் தெரியும். பார்க்கிறீர்கள்தானே, எனக்கு இந்த ஒலிவாங்கியைவிட்டு நகரவே முடியவில்லை.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். கையெழுத்தான மறுநாள் காலை நான் பக்கீர் பாய் கடைக்கு அரிசி வாங்கப் போனேன். எனக்கு முன்னால் ஒருவர் நின்றுகொண்டு, மகள் எப்போது பெங்களூருக்குக் கிளம்புகிறாள் என்று கேட்டார். எத்தனை மாதமாக அந்த மனிதர் எல்லோருக்கும் பெருமையோடு பதில் சொன்ன கேள்வி அது. பாய் எடைபோட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கடைத்தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

“அவ போகல. எம் மகளுக்கு இங்கனயே வேல இருக்கு.”

படித்த பிள்ளைக்கு இந்த ஊரில் வேலை இருக்கிறது என்று ஒரு தகப்பன் இந்த மண்ணில் நின்று சொல்லிக் கேட்க எனக்கு இத்தனை வயது ஆக வேண்டியிருந்தது. அரிசியை வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பொறுமையின் எல்லையைக் காட்டாமல் கேட்ட தலைவருக்கும், திட்டு வாங்கியும் வந்து அமர்ந்திருக்கும் விருந்தினருக்கும், ஷிப்ட் முடிந்த களைப்பிலும் கண்ணை மூடாத என் தாய்மார்களுக்கும் இந்தத் தங்கபாயின் நெஞ்சார்ந்த நன்றி. சப்ரீன், எழுந்து வா அம்மா. உன் ஊர் உன்னைப் பார்க்கட்டும். வணக்கம்.